எந்த மெஷின் நல்லதுன்னு கேக்காதீங்க, எப்படிக் கெடும்னு கேளுங்க

லீவுக்கு டிக்கெட் போட ஆரம்பிச்சதும் எனக்கு வர்ற போன்ல பாதி ஒரே விஷயமாத்தான் இருக்கு. "சார், குடும்பத்தோட ஊருக்குப் போறோம், இருபது நாள். உப்புத்தண்ணித் தொட்டிக்கு ஆட்டோ டாப்-ஆஃப் ஒண்ணு வாங்கி மாட்டிடலாம்னு பாக்கறேன். எது பெஸ்ட்?" நொய்டாவுலயும் மயூர் விஹார்லயும் கடல் மீன் வளக்கற தமிழ்க் குடும்பங்களை எண்ண ரெண்டு கை விரல் போதும். அத்தனை பேரும் கேட்டாச்சு. ஒவ்வொருத்தருக்கா சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, மொத்தமா எழுதிடறேன்.

என் கட்சி இதுதாங்க. எது பெஸ்ட்ங்கற கேள்வியே சரியில்லை. இந்த மாதிரி சாமான் எல்லாமே ஒரு நாள் கெடும். ஒழுங்கா ஓடற நாள்ல மலிவு சாமானும் ஜெர்மன்காரன் சாமானும் ஒரே வேலையைத்தான் பண்ணும்: தண்ணி குறைஞ்சா ஊத்தும், நிறைஞ்சா நிறுத்தும். கெடற அன்னைக்கு என்ன பண்ணும், எவ்வளவு தண்ணியைக் கொட்டும், அந்த நேரம் வீட்ல யார் இருப்பாங்க? இதைக் கேட்டுட்டு அப்புறமா காசை எடுங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை கதவைப் பூட்டிட்டு 2,800 கிலோமீட்டர் தள்ளிப் போற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இதைத் தவிர வேற கேள்வியே கிடையாது.

மீன் வளக்காத புண்ணியவான்களுக்கு ஒரு சின்ன முன்கதை. எனக்கு ஊர் தூத்துக்குடி. அப்பா உப்பளத்துல கணக்கு எழுதினவர். முதல் தடவை இங்க வந்தப்போ நான் காலையில எழுந்து தொட்டிக்குத் தண்ணி ஊத்தறதைப் பாத்துட்டு, "ஏல, ஓட்டைத் தொட்டியா? தெனமும் ஊத்துதியே"ன்னார். ஆவியாகுதுப்பான்னேன். அதுக்கு மேல விளக்க வேண்டியே வரல. "தண்ணி போவும், உப்பு போவாது. அப்போ வீட்டுக்குள்ள பாத்தி கட்டி வச்சிருக்கே"ன்னுட்டு பேப்பர் படிக்கப் போயிட்டார்.

அவர் சொன்னதுதான் முழு அறிவியலும். உப்பளத்துல கடல் தண்ணியோ, பூமிக்கடியில கிடைக்கற உப்புத் தண்ணியோ பாத்தியில பாய்ச்சி வெயில்ல காய விடுவாங்க. கடல் தண்ணி போமே மீட்டர்ல மூணு, மூணரை டிகிரி காட்டும். காயக் காய ஏறி 25 டிகிரி பக்கம் வரும்போது உப்பு இறங்க ஆரம்பிக்கும். அங்க ஏறணும்னு தவம் கிடப்பாங்க, இங்க ஏறக்கூடாதுன்னு நாம தவம் கிடக்கறோம். அவ்வளவுதான் வித்தியாசம் :-)

அதனால ஆவியாகற தண்ணிக்குப் பதிலா நல்ல தண்ணி ஊத்தணும். புதுசா ஆரம்பிக்கறவங்க இங்கதான் குழம்புவாங்க. உப்புத்தண்ணித் தொட்டிதானேன்னு உப்பு கலக்கின தண்ணியையே ஊத்தினா உப்பு ஏறிக்கிட்டே போகும். உப்புத்தண்ணி ஊத்தறது தொட்டித் தண்ணியை மாத்தும்போது மட்டும்தான்.

என் வீட்டுக் கணக்கைச் சொல்றேன். தொட்டியும் அதுக்குக் கீழ இருக்கற சம்ப்பும் சேத்து 200 லிட்டர். உப்பு லிட்டருக்கு 35 கிராம், கடல்ல இருக்கற அளவு. மே மாசம், லூ காத்து அடிக்கற நாள்ல, தொட்டி மேல ஃபேன் ஓட விட்டா ஒரு நாளைக்கு 6 லிட்டர் காலி. மூணு நாள் ஊத்தலைன்னா 18 லிட்டர் போயிருக்கும், 35 கிராம் 38 கிராமைத் தாண்டிடும். ஆனா உப்பு ஏறி மீன் கஷ்டப்படறதுக்கு முன்னாடியே வேற ஒண்ணு நடக்கும். சம்ப் வெச்ச தொட்டியில மேல இருக்கற தண்ணி மட்டம் குறையவே குறையாது. குறையறது எல்லாம் கீழ, மோட்டார் இருக்கற சின்ன அறையில. என்னோடது 30 செ.மீ.க்கு 25 செ.மீ. அறை. அதுல 6 லிட்டர்னா ஒரே நாள்ல 8 செ.மீ. இறங்கிடும். மூணாவது நாள் மோட்டார் காத்தை உறிஞ்சும். தண்ணி ஓட்டம் நின்னுச்சுன்னா ஆக்சிஜன் குறையும், மோட்டாரும் சூடாகும். கண்ணாடித் தொட்டி வெளியில பாக்க நிறைஞ்சு தளும்பிக்கிட்டுத்தான் இருக்கும். அதனால எட்டிப் பாத்துட்டுப் போற வாட்ச்மேனுக்கு ஒண்ணும் தெரியாது.

இந்த 6 லிட்டர் வருஷம் பூரா ஒரே மாதிரி இருக்காது. அதுதான் டில்லிப் பக்கத்துக் கூத்து. சென்னையில, மும்பையில இருக்கறவங்களுக்குக் காத்துல எப்பவும் ஈரம் இருக்கும், கணக்கு அவ்வளவா மாறாது. இங்க மே மாசம் மத்தியானம் காத்து அப்பளம் மாதிரி காஞ்சு கிடக்கும். ஜூன் கடைசியில மழை வந்ததும் நெலமை தலைகீழ், என் தொட்டியில 3 லிட்டர்தான் போகும். ஜனவரியில ஹீட்டர் ஓடும்போது மறுபடி 4 லிட்டர். கூலர் வெச்சிருக்கறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மே மாசம் நிரப்பி நிரப்பிக் கை ஓஞ்சுபோகும், ஆகஸ்ட்ல கூலரே வேலை செய்யாது.

ஃபேன் பத்தி ஒரு வார்த்தை. சில்லர் வாங்க வசதி இல்லாம ஃபேன் வெக்கறோம். ஒரு லிட்டர் தண்ணி ஆவியாகும்போது முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் கம்மியான கரெண்ட்டுக்குச் சமமான சூட்டை எடுத்துக்கிட்டுப் போகுது. சும்மா கிடைக்கற ஏ.சி.! ஆனா அதுக்கு வாடகை தண்ணியாக் குடுக்கணும். ஃபேன் வெச்ச தொட்டிக்கு டாப்-ஆஃப் பழுதானா வர்ற ஆபத்து, சில்லர் வெச்ச தொட்டியை விட அதிகம். இதை யோசிக்காம ரெண்டு தொட்டிக்கும் ஒரே யோசனை சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க.

இப்ப மெஷினுக்கு வருவோம்.

முதல் ரகம், கூலர்லயும் மொட்டை மாடித் தொட்டியிலயும் இருக்கற அதே மிதவை வால்வு. மேல ஒரு கேன், அதுலேர்ந்து குழாய், முனையில வால்வு. கரெண்ட்டே வேண்டாம், கரெண்ட் போனாலும் கவலை இல்லை, விலையும் ஒண்ணும் இல்லை. "நம்ம ஊர் ஐடியா சார், இதை விட்டுட்டு எலக்ட்ரானிக்ஸ் எதுக்கு?"ம்பாங்க. கூலர்ல இது நல்ல சாமான்தான். உப்புத்தண்ணியில வேண்டாம்ங்கறது என் கருத்து. தெறிக்கற தண்ணி காஞ்சு வால்வு மேல உப்பு பூக்கும். பாசி படியும். நத்தை இருந்தா அது கை மேல ஏறி உக்காரும். இதுல எது நடந்தாலும் வால்வு திறந்த மேனிக்கு நின்னுடும், கேன்ல இருக்கற மொத்தத் தண்ணியும் இறங்கும், நிறுத்த யாரும் இல்லை.

இதைவிட மோசம், கேனே வேண்டாம்னு ஆர்.ஓ. குழாயிலேர்ந்து நேரா வால்வுக்கு லைன் இழுக்கறது. எங்க சொசைட்டியில ஒரு நண்பர் அப்படி இழுத்திருந்தார். அவங்க ஹரித்வார் போயிருந்த ரெண்டு நாள்ல வால்வு சிக்கிக்கிச்சு. கீழ் வீட்டு ஹால்ல ஃபால்ஸ் சீலிங் ஊறி இறங்கினப்போதான் விஷயம் வெளிய வந்தது. மீனும் போச்சு, கீழ் வீட்டு சீலிங்குக்குப் பணம் குடுத்தாச்சு. அது கூடப் பரவாயில்லை. அந்த ரெண்டு வீடும் இன்னைக்கு வரைக்கும் லிஃப்ட்ல சேந்து போறதில்லை. வாடகை வீட்ல இருக்கறவங்க இதை ரெண்டு தடவை படிங்க. நமக்கு இங்க சொந்தம்னு இருக்கறதே அக்கம்பக்கத்துக்காரங்கதான்.

ரெண்டாவது ரகம், மிதவை சுவிட்சும் ஒரு குட்டி மோட்டாரும். மிதவைக்குள்ள காந்தம், தண்டுக்குள்ள ஒரு ரீட் சுவிட்ச். மிதவை இறங்கினா மோட்டார் ஓடும். மலிவு, ரிப்பேர் பண்ணத் தெரிஞ்சவங்க வீட்டுலேயே செஞ்சுக்கலாம். இதுவும் உப்பு பூத்தா மாட்டிக்கும், அதே நத்தை இங்கயும் வரும். ஒண்ணே ஒண்ணு, 230 வோல்ட்டை நேரா அந்த சுவிட்ச் வழியா விடற டைப் சில கடைகள்ல தர்றாங்க. உப்புத்தண்ணியில கை விடற நமக்கு அது வேண்டாங்க, 12 வோல்ட் மோட்டார் போதும்.

மூணாவது, கண்ணாடிக் கண் வெச்சது. உள்ள ஒரு அகச்சிவப்பு விளக்கு, முனை பட்டகம் மாதிரி இருக்கும். காத்துல இருந்தா வெளிச்சம் உள்ளேயே திரும்பும், தண்ணி பட்டா வெளிய ஓடிடும். அதை வெச்சுத் தண்ணி இருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்கும். அசையற பாகம் கிடையாது, நத்தைக்கு வேலை இல்லை. ஆனா காத்துக்குமிழி ஒட்டினா ஏமாறும், வழுவழுன்னு பாசி படிஞ்சாலும் ஏமாறும். மாசம் ஒரு தடவை பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சு விடணும்.

நாலாவது, சென்சாரே இல்லாம ஒரு டோசிங் பம்ப் வெச்சு நாளைக்கு இவ்வளவுன்னு டைமர்ல விடறது. கெட்டா வெள்ளம் வராதுங்கறது இதுல பெரிய நிம்மதி. ஆனா டில்லி சீசனுக்கு இது சரிப்படாது. ஜூன் 20ஆம் தேதி 6 லிட்டர்னு செட் பண்ணிட்டு நீங்க கிளம்பிட்டீங்க, 28ஆம் தேதி இங்க மழை கொட்டுது, ஆவியாகறது 3 லிட்டர்தான். பாக்கி 3 லிட்டர் தினமும் தொட்டியிலேயே சேரும். பத்து நாள்ல 30 லிட்டர். அது எங்க போகும்? சீசன் மாறாத ஊர்ல இருக்கறவங்க தாராளமா வாங்கலாம்.

பாத்தீங்கன்னா எல்லாமே ஏதோ ஒரு விதத்துல ஏமாறும். அதனால நான் பாக்கறது மூணே விஷயம்தான்.

ஒண்ணு, ஏமாந்தா எவ்வளவு நேரம் ஓடும்? நல்ல சாமான்ல மோட்டாருக்கு நேரக் கட்டுப்பாடு இருக்கும். ஜெர்மனியோட டுன்ஸே கம்பெனி ஆஸ்மொலேட்டர் 3155ங்கற மாடல்ல கண்ணாடிக் கண் ஒண்ணு, அதுக்குக் காவலா மேல ஒரு மிதவை, ரெண்டும் கைவிட்டாலும் பத்து நிமிஷத்துக்கு மேல மோட்டார் ஓடாதுன்னு ஒரு கணக்கு. அதையே வாங்குங்கன்னு நான் சொல்ல வரல, விலை கேட்டா மயக்கம் வரும். அந்த அமைப்பைப் பாருங்க. ரெண்டு சென்சாரும் வேற வேற ரகம், ஒண்ணை ஏமாத்தறது இன்னொண்ணை ஏமாத்தாது. ரெண்டு மிதவை வெச்சா ரெண்டுலயும் உப்பு பூக்கும். இதே அமைப்பை எந்த விலையில குடுத்தாலும் சரி, இல்லைன்னா அந்தப் பெட்டி எவ்வளவு அழகா இருந்தாலும் வேண்டாம். மோட்டாரும் மெதுவானதா இருக்கட்டும். நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் தள்ளற மோட்டார் பத்து நிமிஷத்துல 10 லிட்டர் கொட்டும், 200 மில்லி தள்ளறது 2 லிட்டர்தான் கொட்டும்.

ரெண்டாவது, கேன் எவ்வளவு பெருசு? இதுலதான் ஊருக்குப் போறவங்க எல்லாரும் மாட்டிக்கறாங்க. இருபது நாள் லீவு, நாளைக்கு 4 லிட்டர், அப்போ 80 லிட்டர் டிரம் வெச்சுட்டா முடிஞ்சுதுன்னு கணக்கு போடுவாங்க. கேக்க நல்லா இருக்கு. என் 200 லிட்டர்ல 60 லிட்டர் நல்ல தண்ணி மொத்தமா இறங்கினா, அதுவும் வழியாம தொட்டி தாங்கினாத்தான், 35 கிராம் 27க்கு வந்துடும். 20 லிட்டர் கேன் மொத்தமா இறங்கினா 32க்குக் கொஞ்சம் கீழ. கோமாளி மீன் ரெண்டையும் தாங்கலாம். கடல் மீன் உப்புத் தண்ணியைக் குடிச்சு, அதிக உப்பைச் செவுள் வழியா வெளிய தள்ளிக்கும், அதுக்கு அந்த ஏற்பாடு இருக்கு. நட்சத்திர மீன் மாதிரி ஜீவனுக்கு அது கிடையாது, வெளித் தண்ணியில எவ்வளவு உப்போ உடம்புக்குள்ளயும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். திடீர்னு மாறினா போய்ச் சேந்துடும். மீனைச் சுத்தம் பண்ற அந்தச் சிவப்புக் கோடு போட்ட இறாலும் இதுல ரொம்ப சென்சிடிவ்.

வீட்ல கரெண்ட்டுக்கு ஃப்யூஸ் எதுக்கோ, தொட்டிக்கு சின்னக் கேன் அதுக்கு. அளவு எப்படி முடிவு பண்றதுன்னா, மெயின் மோட்டாரை அணைச்சுப் பாருங்க. மேல் தொட்டியிலேர்ந்து கொஞ்சம் தண்ணி சம்ப்புக்கு இறங்கி நிக்கும். அதுக்கப்புறம் சம்ப்ல எவ்வளவு காலி இடம் இருக்கோ, கேன் அதைவிடச் சின்னதா இருக்கணும். அப்போ கரெண்ட் போன நேரமா பாத்து கேன் மொத்தமும் இறங்கினாக் கூட தரையில ஒரு சொட்டு விழாது, கீழ் வீட்டுக்காரர் நம்மைப் பாத்து நமஸ்தே சொல்லுவார். எனக்கு அந்தக் கணக்குல 20 லிட்டர் வந்தது. மே மாசம் மூணு நாளைக்கு வரும், மழைக்காலத்துல ஒரு வாரம். அதுக்கு மேல வேணும்னா டிரம்மைப் பெருசாக்காதீங்க, ஆவியாகறதைக் குறைங்க. ஃபேனை நிறுத்த முடியற சீசன்ல நிறுத்துங்க, தொட்டி மேல பாலிகார்பனேட் ஷீட்டைப் பாதி மூடுங்க. முழுசா மூடினா காத்துப் போக்குவரத்து நின்னுடும்.

மூணாவது விஷயம் குழாய். இதை எந்தக் கடைக்காரரும் சொல்றதில்லை. கேன் உயரத்துல இருந்து, குழாய் முனை தாழ இருந்தா, மோட்டார் நின்ன அப்புறமும் தண்ணி தானா வழிஞ்சுக்கிட்டே இருக்கும். பெட்ரோல் உறிஞ்சி எடுக்கற அதே வித்தைதான். லட்ச ரூபா மெஷினா இருந்தாலும் இதை நிறுத்த முடியாது. கேன்ல இருக்கற தண்ணி மட்டம் எப்பவும் குழாய் முனையை விடத் தாழ இருக்கணும், முனை சம்ப் தண்ணியைத் தொடக்கூடாது. தொட்டா சில நேரம் உப்புத்தண்ணி திரும்பி வந்து கேன்லயே கலந்துடும்.

நடுவுல ஒரு விஷயம். வெளிநாட்டு வீடியோவைப் பாத்துட்டு இந்தக் கேன்லயே சுண்ணாம்புத் தண்ணி கலக்கறவங்க உண்டு. பவளத்துக்குக் கால்சியம் கிடைக்கும்னு. வெத்தலைக்குத் தடவற அதே சுண்ணாம்புதான், ஆனா தெளிஞ்ச தண்ணியோட பி.ஹெச். 12க்கு மேல. கேன் மொத்தமும் இறங்கினா உப்பு குறையறதைப் பத்தியெல்லாம் கவலைப்பட வேண்டியிருக்காது, அதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சிருக்கும். நம்மள மாதிரி கதவைப் பூட்டிட்டுப் போறவங்களுக்கு வேண்டவே வேண்டாம். தவிர நம்ம நாட்டுல பாறைப் பவளம் 2001லேர்ந்து வனவிலங்குச் சட்டத்துல பாதுகாக்கப்பட்ட உயிர். மன்னார் வளைகுடாவுலேர்ந்து எடுத்துட்டு வந்து யாராவது வித்தா வாங்காதீங்க. அந்தக் கடலைப் பாத்து வளந்தவன் சொல்றேன். குஞ்சு பொரிச்ச கோமாளி மீன் கேட்டு வாங்குங்க. அதைப் பண்ணையில வளக்கற முறையை மண்டபத்துல இருக்கற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்காரங்களே உருவாக்கியிருக்காங்க.

சரி, 20 லிட்டர் கேன், மழைக்காலத்துல ஒரு வாரம். இருபது நாள் லீவுக்கு என்ன பண்றது?

சாவியை யாராவதுகிட்ட குடுங்க. இதைச் சொன்னா நிறைய பேருக்குப் பிடிக்கறதில்லை. "அதுக்குத்தானே சார் மெஷினே வாங்கறோம்?"ம்பாங்க. இன்னும் சிலர், மொபைலுக்கு மெசேஜ் அனுப்பற மாடல் இருக்கே, அதைப் போட்டுட்டா யார் தயவும் வேண்டாமேம்பாங்க. மெசேஜ் வரும், நான் இல்லைங்கல. ராத்திரி பதினொரு மணிக்குத் திருநெல்வேலியில கல்யாண வீட்ல உக்காந்திருக்கும்போது, நொய்டாவுல தண்ணி இல்லைன்னு மெசேஜ் வந்தா என்ன பண்ணுவீங்க? கதவைத் திறக்க ஒரு ஆள் இருந்தாத்தான் அந்த மெசேஜுக்கு மதிப்பு. ஆள் இருந்துட்டா, கறுப்பு மார்க்கர்ல போட்ட ஒரு கோடும், ஒரு சிவப்பு லைட்டும் போதும்.

2023 ஆகஸ்ட்ல ஒரு ராத்திரி அம்மா போன். அப்பா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டார், இடுப்பு எலும்பு முறிஞ்சுடுச்சு, திருநெல்வேலிக்குக் கொண்டு போறோம்னாங்க. காலை ஃப்ளைட்ல சென்னை, அங்கேர்ந்து தூத்துக்குடி. பெட்டி கட்ட நேரம் இல்லை. வீட்டுக்காரி குழந்தையைக் கிளப்பிக்கிட்டே "என்னங்க, மீனு?"ன்னா. கேனை நிரப்பினேன், ஃபேனை நிறுத்தினேன், ஷீட்டைப் பாதி இழுத்து விட்டேன். எதிர் வீட்டு பஞ்சாபி ஆண்ட்டியைத் தட்டி எழுப்பிச் சாவியைக் குடுத்தேன். ரெண்டு கேன் ஸ்பேர் தண்ணி எப்பவும் பால்கனியில இருக்கும், அது அவங்களுக்கும் தெரியும். அஞ்சு நிமிஷம்.

ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்திருக்கேன், ஆண்ட்டி வாட்ஸப்ல ஒரு போட்டோ. சிவப்பு லைட். கண்ணாடிக் கண்ணுல குமிழி ஒட்டியிருக்கு, மெஷின் தண்ணியே இல்லைன்னு நெனச்சு ஓடியிருக்கு, பத்து நிமிஷத்துல டைமர் நிறுத்திடுச்சு. உள்ள கூடப் போனது 2 லிட்டர். 200ல 2, உப்பு 35லேர்ந்து 34.7 பக்கம். மீனுக்கு அது தெரிஞ்சே இருக்காது. ஆண்ட்டிகிட்ட பிரஷ்ஷால துடைச்சுட்டு சுவிட்சை அணைச்சுப் போடுங்கன்னு சொன்னேன். "ஹோ கயா பேட்டா, தும் பாபுஜி கோ தேக்கோ"ன்னுட்டு வெச்சுட்டாங்க. அந்தப் பதினேழு நாள்ல தொட்டிக்காக நான் செலவழிச்ச நேரம் மொத்தமா அஞ்சு நிமிஷம் இருக்கலாம். அப்பா இப்ப வாக்கர் வெச்சுக்கிட்டு நடக்கறார்.

இதே இடத்துல 80 லிட்டர் டிரம், டைமர் இல்லாத மோட்டார், ஊர்ல ஒருத்தர்கிட்டயும் சாவி இல்லைன்னு வெச்சுப் பாருங்க. நான் அப்பா பக்கத்துல உக்காந்து சொசைட்டி செக்ரட்டரிகிட்ட பூட்டை உடைக்கறதைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்திருப்பேன்.

சாவி வாங்கறவங்களுக்கு வேலையை லேசாக்கிக் குடுக்கணும். தண்ணி முன்கூட்டியே கேன்ல பிடிச்சு வெச்சிருக்கணும். நம்ம வீட்டுச் சமையலறை ஆர்.ஓ.ல ருசிக்காகக் கொஞ்சம் குழாய்த் தண்ணியைக் கலக்கற திருகு ஒண்ணு இருக்கும். அதனால டி.டி.எஸ். மீட்டர் வெச்சா நூறு பக்கம் காட்டும். தொட்டிக்கு அது பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருக்கணும், ஆர்.ஓ.க்கு அப்புறம் ரெசின் ஃபில்டர் ஒண்ணு மாட்டணும். இல்லைன்னா தினமும் போற தண்ணியோட கூடவே போறதெல்லாம் தங்கி, பாசிக்குச் சாப்பாடாகும். ஆனா ஆண்ட்டி அவசரத்துக்கு சமையலறைத் தண்ணியை ஒரு குடம் ஊத்திட்டாங்கன்னா பாவம் இல்லை, அதுக்காக முகத்தைத் தூக்காதீங்க. தண்ணி இல்லாம இருக்கறதுக்கு அது ஆயிரம் மடங்கு மேல்.

கேனுக்கு மூடி கட்டாயம். வலை வெச்ச ஒரு சின்ன ஓட்டை மட்டும் விடுங்க, இல்லைன்னா மோட்டார் இழுக்கும்போது கேன் ஒடுங்கும். மூடி தூசிக்காக மட்டும் இல்லை. இங்க மழைக்காலத்துல கூலர்ல கொசு லார்வா இருக்கான்னு கார்ப்பரேஷன் ஆளுங்க வீடு வீடா வந்து பாக்கறாங்க. டெங்கு கொசுவுக்குத் தேங்கி நிக்கற நல்ல தண்ணின்னா கொண்டாட்டம். இருபது லிட்டர் சுத்தமான தண்ணியைத் திறந்து வெச்சுட்டு ஊருக்குப் போனா, திரும்பி வரும்போது மீனோட சேத்து வேற ஒரு வளர்ப்பும் இருக்கும்.

இன்னும் ஒண்ணு, மெஷினைக் கிளம்பற அன்னைக்கு மாட்டாதீங்க. ஒரு மாசம் முன்னாடியே மாட்டி, நாம வீட்ல இருக்கும்போதே அது செய்யற சேட்டையெல்லாம் செய்யட்டும்.

வாங்கின அன்னைக்கே ஒரு சோதனை பண்ணிடுங்க. தொட்டியில மாட்ட வேண்டாம், ரெண்டு பக்கெட் போதும். ஒரு பக்கெட்ல தண்ணி ஊத்தி மோட்டாரைப் போடுங்க, குழாயைக் காலி பக்கெட்ல விடுங்க. சென்சாரைக் கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, காத்துலேயே வெச்சுக்கிட்டு, ஸ்விட்சைப் போட்டுட்டு மணியைப் பாருங்க. மோட்டார் தானா நிக்கற வரைக்கும் எவ்வளவு தண்ணி வந்திருக்குன்னு அளந்து பாருங்க. அந்த அளவு உங்க சம்ப்பு தாங்கும்னா மாட்டுங்க. பதினஞ்சு நிமிஷம் ஆகியும் மோட்டார் ஓடிக்கிட்டே இருந்தா, அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுடாதீங்க, திருப்பிக் குடுக்கறப்போ கேப்பாங்க.